வாசகர் கேள்வி பதில்: பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கும் வீட்டுச் சேகரிப்பும்

கேள்வி: எங்கள் குடும்பப் புகைப்படங்கள், வீடியோக்கள், கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய பெரியப்பாவின் நாகஸ்வரக் கச்சேரிகள் எல்லாம் 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. சில வாரங்களாக அதன் கோப்புறைகள் திறக்க நெடுநேரம் ஆகிறது. நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. இணைத்தவுடன் "ஸ்கேன் செய்து சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்கிறது. சரி என்று சொல்லலாமா? கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. வேறு பிரதி கிடையாது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சொல்லாதீர்கள். விண்டோஸ் அப்போது இயக்க முனைவது செக்டிஸ்க் என்ற கருவியை. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கோப்பு அட்டவணையில் உள்ள முரண்பாடுகளைத் திருத்துவதே அதன் வேலை. பழுதாகிவரும் வட்டிலிருந்து தரவைக் காப்பாற்றுவது அதன் வேலையன்று. அது திருத்தங்களை அதே வட்டின் மீதே எழுதுகிறது. எந்தக் கோப்புக்கு உரியவை என்று தெரியாத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற கோப்புறையில் சிஎச்கே என்ற பின்னொட்டோடு போட்டுவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள வட்டுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. தரவு எழுதப்படும் சிறு கட்டங்களான செக்டார்கள் ஒவ்வொன்றாகப் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கும் வட்டிலோ, நேற்றுவரை ஊர்ப் பெயரும் தேதியும் தாங்கியிருந்த கச்சேரி, இன்று பெயரற்ற துண்டுகளாகிவிடக்கூடும்.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் படியுங்கள். அங்கே 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளே நமக்கு முக்கியம். 05 என்பது பழுதானதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. அந்த மென்பொருள் இந்த எண்களை இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசியில் 10 என்று தெரிந்தால் அது பத்தன்று, பதினாறு. தரவு கேபிள் வழியே போகும்போது நேர்ந்த பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறியிருந்து மற்ற மூன்றும் சுழியமாக இருந்தால், பழுது பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பிலோதான் இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் சி5 ஏறியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அப்படியானால் இனி அந்த வட்டை ஒவ்வொரு முறை படிப்பதும் அதன் மிச்ச ஆயுளிலிருந்து செலவழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புறைகளைத் திறந்து "இது இருக்கிறதா, அது இருக்கிறதா" என்று பார்ப்பது, புகைப்படங்களின் சிறுபடங்கள் தோன்றும் வரை காத்திருப்பது, ஆன்டிவைரஸை ஓடவிடுவது ஆகிய மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். சாதாரணமாக இழுத்துப் போட்டு நகலெடுப்பதும் இங்கே உதவாது. ஒரு கெட்ட செக்டாரில் சிக்கியவுடன் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று, நன்றாக இருக்கும் பகுதிகளை எடுக்க வேண்டிய நேரத்தை வீணாக்கிவிடும்.

இதற்கென்றே உள்ள கருவி குனூ டிடிரெஸ்க்யூ. கோப்புகளைப் பற்றிக் கவலைப்படாமல், வட்டு முழுவதையும் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை இன்னொரு வட்டுக்கு மாற்றுகிறது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, தடுக்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. எல்லாம் முடிந்த பிறகே திரும்பி வந்து, தடுக்கிய இடங்களை ஓரங்களிலிருந்து சிறுகச் சிறுகச் சுரண்டுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதை மேப் கோப்பு என்ற ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டே போகும். எனவே இடையில் மின்சாரம் போனாலும், வட்டு சூடேறி நீங்களே நிறுத்தினாலும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பைக் கொடுக்காமல் தொடங்குபவர்கள் இந்தக் கருவியின் பாதிப் பலனை இழக்கிறார்கள். அந்தக் கோப்பை மீட்கப்படும் வட்டில் வைக்காமல் மூன்றாவதாக ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் தொகுப்பைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் துவக்கினால், இந்தக் கருவி அதிலேயே இருக்கும். விண்டோஸும் குறுக்கே வராது. நகலை ஏற்கும் வட்டு 2 டெராபைட்டுக்குக் குறையக்கூடாது. முழு வட்டையும் ஒரே கோப்பாகச் சேமிப்பதானால் அது ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கவும் கூடாது, ஏனெனில் அம்முறை 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்பை ஏற்காது. எல்லாவற்றையும்விட, மூலம் எது, இலக்கு எது என்பதில் தவறினால் வெற்று வட்டு உங்கள் சேகரிப்பின் மீது எழுதப்பட்டுவிடும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பட்டியலில் குழப்பம் வருவது எளிது. வட்டின் மேல் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே என்டர் பொத்தானைத் தொடுங்கள். இதில் பழக்கமில்லையென்றால், லினக்ஸ் தெரிந்த பழைய மாணவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 100 மெகாபைட் வேகம் கிடைத்தால் 2 டெராபைட் நகலாக ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஆகும். பழுதான வட்டில் அந்த வேகம் நிலைக்காது என்பதால், நாட்கணக்கில் ஆனாலும் பதற வேண்டியதில்லை. மேசை விசிறி ஒன்றை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். வட்டிலிருந்து டிக் டிக் என்று சீராகத் தட்டும் ஓசை எழுந்தால் மட்டும் உடனே இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். அது தரவைப் படிக்கும் முனையான ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் ஓசை. அதற்கு மேல் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தூசியற்ற அறையும் மாற்று ஹெட்டுகளும் வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பணத்தைப் பேசும்போது, மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முழு நகல் கைக்கு வந்த பிறகு, பழைய வட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நகலின் மீதே எல்லாச் சோதனைகளையும் செய்யுங்கள். சில செக்டார்கள் வராமல் போயிருக்கலாம். இழப்பு எவ்வளவு என்பது எந்த வகைக் கோப்பில் ஓட்டை விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு செக்டார் 4096 பைட் என்று கொண்டால், சிடி தரத்தில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக உள்ள கச்சேரியில் அது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. கேட்பவர் ஒரு 'டொக்'கை மட்டுமே உணர்வார். 128 கிலோபிட் எம்பி3யில் கால் நொடி போகும். ஜேபெக் புகைப்படத்திலோ கதை வேறு: தரவு ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகச் சுருக்கப்பட்டிருப்பதால், நடுவில் ஒரு செக்டார் போனால் அதற்குக் கீழே உள்ள பகுதி முழுவதுமே நிறம் மாறியோ சாம்பலாகியோ விடக்கூடும். ஆகவே உங்கள் பெரியப்பாவின் கச்சேரிகளைப் பற்றி நான் அதிகம் அஞ்சவில்லை. வேவ் கோப்பின் தொடக்கத்தில் உள்ள, வழக்கமாக 44 பைட் நீளமுள்ள தலைப்பே போய்விட்டு எந்த பிளேயரும் திறக்க மறுத்தாலும்கூட, ஆடாசிட்டி மென்பொருளில் 'கச்சாத் தரவு' என்ற வழியில் இறக்குமதி செய்து, 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று சொன்னால் நாகஸ்வரம் ஒலிக்கும். பதிவு செய்தபோது வேறு அளவு வைத்திருந்தால் அதையே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வட்டு செயலிழந்தபோது கடைக்காரர் ஏதோ மென்பொருளால் எல்லாவற்றையும் மீட்டுத் தந்தார். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளும் எஃப் என்ற எழுத்தும் எண்களுமாக, நூற்றுக்கணக்கான கோப்புறைகளில் கலந்து கிடக்கின்றன. எந்தப் படம் எந்த ஆண்டு என்றே தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: பிரிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பழைய வட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் விவரிப்பது ஃபோட்டோரெக் என்ற கருவியின் கைவண்ணம். அது கோப்பு அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் தொடங்கும் பைட்டுகள் இவை, எம்பி3 தொடங்கும் பைட்டுகள் இவை என்று அடையாளம் தேடி, கண்ட இடத்திலிருந்து வெட்டி எடுக்கிறது. பெயரும் கோப்புறையும் அட்டவணையில்தான் இருக்கின்றன என்பதால் அவை வருவதில்லை. அட்டவணையே அழிந்துவிட்டபோது இது கடைசிப் புகலிடம். முதலிலேயே இதைக் கையாள்வது, பல கடைகளில் நடப்பதுதான் என்றாலும், சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். வட்டு இன்னும் சுழல்கிறதென்றால், மேலே கும்பகோணம் வாசகருக்குச் சொன்னபடி முழு நகல் எடுத்து, அந்த நகலில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியைக் கொண்டு பழைய பார்ட்டிஷனை, அதாவது கோப்புகள் இருந்த வட்டுப் பிரிவை, தேடிப் பார்த்தால், '2014 திருச்செந்தூர்' என்ற கோப்புறை அப்படியே எழுந்து வர வாய்ப்புண்டு. பல மாத உழைப்பு மிச்சமாகும்.

அதற்கு வழியில்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். எஃப்புக்குப் பதிலாக டி என்ற எழுத்தில் தொடங்கும் ஜேபெக் கோப்புகள் பெரிய படங்களுக்குள் பொதிந்திருந்த சிறுபடங்கள் மட்டுமே. பெரிய படம் நன்றாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அவற்றை ஒதுக்குங்கள். மீதியுள்ள கேமரா, கைபேசிப் படங்களுக்குள் எடுத்த தேதியும் கருவியின் பெயரும் எக்ஸிஃப் குறிப்பாக இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அந்தத் தேதியைப் படித்து, ஆண்டு மாதம் வாரியாகக் கோப்புறை அமைத்து, பெயரையும் தேதியாகவே மாற்றித் தரும். இங்கே ஒரு பொறி உண்டு. தேதியே அமைக்கப்படாத பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை, கேமரா தயாரித்த ஆலை வைத்த தேதியில் போய் ஒரே குவியலாக விழும். அந்தக் குவியலில் ஒரே ஒரு படத்தின் உண்மைத் தேதி, கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ பிறந்தநாள் கேக்கிலிருந்தோ தெரிந்தால் போதும். அதே வேறுபாட்டை அந்தக் கேமராவின் எல்லாப் படங்களுக்கும் கூட்டிவிடலாம்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. வாட்ஸ்அப் எக்ஸிஃப் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டில் அவற்றின் தேதி கோப்பின் பெயரில் மட்டுமே இருந்தது, அந்தப் பெயரைத்தான் இழந்துவிட்டோம். அனுப்பிய உறவினரிடம் மூலப் படத்தைக் கேட்பதே அதற்கு வழி. பாடல்களைப் பொறுத்தவரை, எம்பி3 கோப்புக்குள்ளேயே ஐடி3 குறிப்பில் பாடல், பாடகர் பெயர்கள் இருந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்டு என்ற மென்பொருள் அவற்றைக் கொண்டு பெயரிடும். குறிப்பு இல்லாவிட்டால் ஒலியின் ரேகையை ஒப்பிட்டும் கண்டுபிடிக்க முயலும். வீட்டில் பதிந்த குரல்களை எந்தத் தரவுத்தளமும் அறியாது. அவற்றை நீங்கள்தான் அமர்ந்து கேட்டுப் பெயர் வைக்க வேண்டும்.

கேள்வி: மீட்டெடுத்த என் மகளின் அரங்கேற்ற வீடியோ முழு அளவில் இருக்கிறது, ஆனால் எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. போனது போனதுதானா?
– மதுரை வாசகர்

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை மூவ் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. பல கேமராக்கள் பதிவு முடிந்த பிறகே அதை எழுதுவதால், அது கோப்பின் வாலில் போய்ச் சேர்கிறது. வால் அறுந்தால் காட்சி இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோவை மாதிரியாக வைத்துக்கொண்டு அந்த அட்டவணையைப் புதிதாகக் கட்டிப் பார்க்கும். அன்று பயன்படுத்திய கேமராவை விற்றிருந்தாலும், அதில் எடுத்த வேறொரு சிறு வீடியோ யாரிடமாவது இருக்கும், தேடுங்கள். நடுப்பகுதியே வேறு தரவால் நிரம்பியிருந்தால் மட்டும் இதுவும் கைகொடுக்காது.

கேள்வி: பழுதான ஹார்ட் டிஸ்க்கைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்கிறார்களே?
– சென்னை வாசகர்

பதில்: வெளியே எடுத்தவுடன் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் மீதும் உள்ளும் படியும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள வெளி சில நானோமீட்டர்தான்; அங்கே ஒரு நீர்த்துளிக்கு இடமில்லை. ஃப்ரீசரை ஐஸ்கிரீமுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: படங்கள், பாடல்கள் அனைத்தையும் புதிய வட்டுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் கணினியில் உள்ள சேகரிப்பு மென்பொருள் ஒரு கோப்பைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகளாக இட்ட மதிப்பெண்களும், பிகாசா என்ற படச் சேகரிப்பு மென்பொருளில் முகங்களுக்கு எழுதிய பெயர்களும் என்னவாகும்?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: மென்பொருள் தன் பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் முழு முகவரியையும் எழுதி வைத்திருக்கிறது. பழைய வட்டு இ என்ற எழுத்தில் இருந்து, புதியது ஜி என்ற எழுத்தில் வந்திருந்தால், அதற்கு எல்லாமே தொலைந்ததாகத்தான் தோன்றும். மென்பொருளை மூடிவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய வட்டுக்குப் பழைய எழுத்தையே கொடுங்கள்; கோப்புறைகளின் பெயரும் அடுக்கும் மாறாதிருந்தால் பட்டியல் உயிர் பெற்றுவிடும். அதற்கு முன் மென்பொருளில் 'காணாத கோப்புகளை நீக்கு' என்பதை மட்டும் அழுத்திவிடாதீர்கள். மதிப்பெண்கள் கோப்புகளில் இல்லாமல் அந்தப் பட்டியலில் மட்டுமே இருந்தால், அவை அந்த ஒரு சொடுக்கில் போய்விடும்.

பிகாசாவை கூகுள் 2016ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் அது செய்த திருத்தங்களும் முகக் குறிப்புகளும் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் .பிகாசா.ஐஎன்ஐ என்ற மறைகோப்பில் இருக்கின்றன. முகத்துக்கு உரிய பெயர்கள் கணினியில் பிகாசாவின் சொந்தக் கோப்புறையில் உள்ள கான்டாக்ட்ஸ் கோப்பில் இருக்கின்றன. நீங்கள் படங்களை மட்டும் தெரிவு செய்து மாற்றியிருந்தால் மறைகோப்புகள் பழைய வட்டிலேயே தங்கியிருக்கும். வட்டு இன்னும் படிக்கக்கூடிய நிலையில் இருந்தால், மறைகோப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொண்டு, அந்தச் சிறு கோப்புகளை மட்டும் தேடி எடுத்து, அவற்றுக்கு உரிய கோப்புறைகளில் வையுங்கள். அதன் பிறகு டிஜிகாம் போன்ற, இன்றும் பராமரிக்கப்படும் மென்பொருள் ஒன்றுக்கு மாறி, குறிப்புகளைப் படத்துக்குள்ளேயே எழுதும்படி அதன் அமைப்பில் சொல்லிவிடுங்கள்.