ஆணுறுப்பில் வந்த மஞ்சள் கசிவு பாமசிக் குளிசையோடு நின்றுவிட்டது. என்னோடு உறவுகொண்ட பெண்ணைக் கேட்டேன், அவவுக்கு ஒன்றும் இல்லை. இனியும் கிளினிக்குப் போகவேண்டுமா?

போகவேண்டும் தம்பி. இந்தக் கிழமைக்குள்ளேயே.

நான் வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஆணுறை இல்லாத உறவு, நாலாம் நாள் சலம் போகும்போது எரிவு, காலையில் ஜட்டியில் மஞ்சள் கறை, டாக்டர் துண்டு இல்லாமல் வாங்கிய சிப்ரோஃபுளொக்சசின் என்ற கிருமிகொல்லிக் குளிசை, பிறகு சுகம். நீங்கள் எழுதியிருக்கும் இதே கதையை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அடிக்கடி கேட்கிறேன். கடை பூட்டும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். எல்லாருக்கும் ஒரு ‘கூட்டாளி’ இருப்பான், வருத்தம் அவனுக்குத்தானாம்.

வெறும் எரிவு என்றால் வீட்டில் சூடு என்று செவ்விளநீர் வெட்டித் தருவார்கள். இளம் ஆண்களுக்குச் சாதாரண சலக்கிருமி வருவது குறைவு. எரிவோடு சீழ்போலக் கசிவும் இருந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது உறவால் தொற்றும் கொனோரியாவை. தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாளில் ஆண்களுக்குத் தெரிந்துவிடும், சிலருக்கு இரண்டு கிழமையும் ஆகும். உறவால் தொற்றும் இன்னொரு நோயான கிளமிடியாவில் கசிவு பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. பார்த்த பார்வையில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, நானும் சொல்லமாட்டேன்.

ஒரு காலத்தில் சிப்ரோ குளிசை ஒன்றே இதற்குப் போதுமாக இருந்தது. இன்று ஆசியாவின் பல நாடுகளில் கொனோரியாக் கிருமி அதற்கு அசைவதில்லை. கசிவு நின்றதை வைத்துக் கிருமி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மருந்தே போடாவிட்டாலும் சில கிழமைகளில் கசிவு தானாகக் குறையலாம். கிருமி மட்டும் உள்ளேயே கிடந்து விதைப்பக்கம் ஏறலாம், மற்றவருக்கும் தொற்றலாம்.

இப்போதைய வைத்தியம் செப்ட்ரியக்சோன் ஊசி, தசையில், ஒரே தடவை. கிளமிடியா இல்லை என்று உறுதியாகாவிட்டால் கூடவே டொக்சிசைக்கிளின் 100 மி.கி., காலையும் இரவும், 7 நாள். அந்தக் குளிசையை ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கிய கையோடு படுக்காதீர்கள். நெஞ்சுக்குள் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். இதை வாசித்துவிட்டு எங்களிடம் ஊசி கேட்டு வரவேண்டாம், தரமாட்டோம்.

போகவேண்டிய இடம் கொழும்பு 10, டி சேரம் பிளேஸ். தேசிய வைத்தியசாலைக்குக் கிட்ட, தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் அங்கேதான். காசு இல்லை, டாக்டர் கடிதமும் தேவையில்லை, உங்கள் விவரம் வெளியே போகாது. போவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது சலம் போகாமல் இருங்கள்; அப்போதுதான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஏதாவது கிடைக்கும். போட்ட குளிசையின் வெறும் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், பெனிசிலின் ஒத்துவராதென்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுப்பார்கள். புதிதாகத் தொற்றியது உடனே தெரியாது என்பதால் மூன்று மாதத்தில் திரும்ப வரச்சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள்.

கேள்வியில் எனக்குக் கவலை தந்தது ‘அவவுக்கு ஒன்றும் இல்லை’ என்ற வரிதான். பெண்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது. கிருமி மேலே ஏறிக் கருக்குழாயைக் கெடுத்தால் பிள்ளை தங்காமல் போகலாம், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பத்தில் கவனியாமல் விட்டால் பிறக்கும் பிள்ளையின் கண்ணையும் தாக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது உண்மை. ஆனால் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அந்த இரத்தச் சோதனைகளில் கொனோரியா தெரியாது.

ஆகவே அவவும் வரவேண்டும். இரண்டு பேருக்கும் மருந்து முடிந்து 7 நாள்வரை உறவு வேண்டாம். எப்படிச் சொல்வதென்று வாய் வராவிட்டால் கிளினிக்கிலேயே கேளுங்கள், அதற்கும் உதவுவார்கள். இதற்கிடையில் விதை வீங்கி நொந்தாலோ, காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.