குருவானவரும் அரசியலும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊரைச் சேர்ந்தவன் நான். தேர்தல் நெருங்கினால் எங்கள் பங்கில் மறையுரையின் (ஆலயப் பிரசங்கத்தின்) கடைசி ஐந்து நிமிடம் யாருக்கு வாக்களிப்பது என்பதைப் பற்றியதாகிவிடும். பங்குப்பேரவையில் இதை நான் ஆட்சேபித்தபோது, “ஜெரோம் டிசூசா சாமியார் அரசியல் நிர்ணய சபையிலேயே இருந்தவர்தானே, குருக்கள் அரசியல் பேசினால் என்ன தவறு?” என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் உண்மையில் என்ன செய்தார்? அவரை முன்னுதாரணமாகக் கொள்ளலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

வாசகர், குமரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேரவையில் அந்தப் பெயரைச் சொன்னவர் சரியான மனிதரைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை அவருடைய வாதத்துக்குத் துணை நிற்காது.

ஜெரோம் டிசூசா 1897இல் மங்களூரில் பிறந்தவர், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த துறவி. திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், பின்னர் 1942 முதல் சென்னை லயோலா கல்லூரியிலும் முதல்வராக இருந்தவர். இந்திய அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபைக்கு 1946இல் தேர்தல் நடந்தபோது மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டசபை உறுப்பினர்களே வாக்களித்தார்கள். காங்கிரஸின் ஆதரவோடு சென்னை மாகாணத்திலிருந்து அவர் தேர்வானார். அன்றைய ஏற்பாட்டில் முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் மட்டுமே தனி இடங்கள் இருந்தன. கிறிஸ்தவர்கள் பொதுப்பிரிவில் வந்தார்கள். சபை நடவடிக்கைக் குறிப்புகளில் அவருடைய பெயரை அடுத்து ‘மதராஸ்: பொது’ என்றே அச்சாகியிருக்கும். அதாவது எந்தப் பங்கு மக்களும் தங்கள் சாமியார் என்பதற்காக அவருக்கு வாக்களித்து அனுப்பவில்லை. நம்முடைய தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், அவர் நம் பகுதியின் பிரதிநிதியும் அல்லர்.

சபையில் அவர் பேசிய முறையைக் கவனியுங்கள். 1947 மே முதல் தேதி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் மதமாற்றத்தைச் சட்டம் ஏற்கக்கூடாது என்ற யோசனை விவாதத்துக்கு வந்தது. பெற்றோர் மதம் மாறினால் கைக்குழந்தையின் மதம் எது என்ற சிக்கலைக் குடும்பத்தின் உரிமை என்ற பக்கத்திலிருந்து எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். அது கிறிஸ்தவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் வாதம்தான், ஆனால் எந்த மதத்துப் பெற்றோரும் ஏற்கக்கூடிய வடிவத்தில் அது முன்வைக்கப்பட்டது. அந்தத் தடை இறுதி அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. அவர் சொன்னதற்கு அந்த மண்டபத்திலேயே எழுந்து மறுப்புச் சொல்ல நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் இருந்தார்கள். உங்கள் பங்கு ஆலயத்தில் மறையுரையின் நடுவே எழுந்து மறுப்புச் சொல்ல யாரால் முடியும்? என் பார்வையில் இந்த வேறுபாடுதான் முழு விஷயமும்.

அங்கி அணிந்து அந்தச் சபைக்கு வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அசாமிலிருந்து வந்த ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய் ஒரு காசி இனப் போதகர். தேர்தலில் நின்று வென்ற முழுநேர அரசியல்வாதி. மலைப்பகுதி மக்களுக்குத் தன்னாட்சி மாவட்டக் குழுக்களைத் தந்த, அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையில் அவருடைய உழைப்பு பெரிது. தம் மக்களுக்காக வெளிப்படையாக வாதாடியவர் அவர்.

டிசூசாவின் வழி வேறு. 1947இல் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு என்று முடிவாகியிருந்தது. 1949 மே மாதம் அதைக் கைவிடும் தீர்மானம் வந்தபோது அவர் அதை ஆதரித்தார். வங்கத்துக் கிறிஸ்தவரான எச்.சி. முகர்ஜியும் அதே பக்கம் நின்றார். பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தை நம்பி இறங்குவது என்ற இந்த முடிவை இன்றும் மேடைகளில் புகழ்கிறார்கள். நானும் மதிக்கிறேன், ஆனால் முழு மனதோடு அல்ல. அந்த விட்டுக்கொடுத்தலைச் செய்தவர்கள் கல்லூரிகளிலும் நீதிமன்றங்களிலும் இடம் பிடித்திருந்தவர்கள். கட்டுமரத்தில் போனவனிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே வந்த பட்டியல் சாதிகள் ஆணை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் மற்றச் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இதற்கு டிசூசாவைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனாலும் ஒரு சமூகத்தின் சார்பில் பேசும் துறவி அந்தச் சமூகத்தின் எந்த அடுக்கிலிருந்து பேசுகிறார் என்ற கேள்வியை அவரிடமும் கேட்கத்தான் வேண்டும்.

பிந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கு இந்தியக் குழுவில் நான்கு முறை சென்றார். 1951இல் இந்தியச் சமூக நிறுவனத்தைப் புனேயில் தொடங்கினார். அது பின்னர் டெல்லிக்கு மாறியது. தேர்தல் அரசியலில் நிலைகொள்ளாமல், இயேசு சபைத் தலைமை அழைத்தபோது ரோமுக்குப் போனார். 1977இல் மறைந்தார்.

இன்று அவரே இருந்தாலும் அரசியல் நிர்ணய சபை போன்ற ஓர் அவைக்குப் போயிருக்க முடியாது. அமெரிக்காவில் ராபர்ட் டிரைனன் என்ற இயேசு சபைக் குரு 1971 முதல் பத்தாண்டுகள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக இருந்தார். 1980இல் ரோமிலிருந்து உத்தரவு வந்ததும் மறுபடி போட்டியிடாமல் விலகினார். 1983இன் திருச்சபைச் சட்டம் ஆட்சியதிகாரத்தில் பங்கேற்கும் பதவிகளைக் குருக்களுக்குத் தடை செய்கிறது. நிக்கராகுவாவில் அமைச்சர் பதவியை விட மறுத்த குருக்கள் தம் குருத்துவப் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள்.

இதைக் கொண்டு குருக்கள் வாயைத் திறக்கவே கூடாது என்று நீங்கள் பேரவையில் வாதாட வேண்டாம். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலிலிருந்து திரும்பி வராதவர்களின் பட்டியலை ஊர் ஊராகத் தயாரித்ததில் பங்குத்தந்தையர்களின் பங்கை நம் மாவட்டம் அறியும். குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தபோது அவர்களும் உடனிருந்தார்கள். அதுவும் அரசியல்தான், மிக அவசியமான அரசியல். ஆனால் அரசிடம் கணக்குக் கேட்பதும், வாக்குச் சாவடிக்குப் போகிறவனிடம் சின்னத்தைச் சொல்லி அனுப்புவதும் ஒன்றல்ல. மீன்வரும்படியில் பங்கு கொடுத்து, ஊர் வழக்கையும் சாமியாரிடமே கொண்டுபோன பழக்கம் நம் கடற்கரையில் நீண்ட காலம் இருந்ததால், இங்கே பீடத்திலிருந்து வரும் ஆலோசனை உத்தரவாகவே கேட்கும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: திருப்பலி முடிந்த பிறகு, ஊர் மைதானத்தில், எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தலாம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்வதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். பங்குத்தந்தையும் தம் கருத்தை அங்கேயே சொல்லட்டும், அவரை மறுத்துப் பேசவும் யாராவது எழுந்து நிற்கட்டும்.

அன்புடன்.