பிரேக் பிடிக்காத சைக்கிளும் “தானாகச் சறுக்கி விழுந்தார்” என்ற காகிதமும்

கேள்வி: வணக்கம் மேடம். பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன், ஐடி வேலை. போன ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே வரை சைக்கிள் பயணம் போக ஒரு நிறுவனத்திடம் 62,000 ரூபாய் கட்டினேன். வழிகாட்டி, மெக்கானிக், பின்னால் வரும் வண்டி, சைக்கிள் எல்லாம் அதில் அடக்கம். சர்ச்சுவில் தங்கிய மாலை, பிரேக் பிடி ஹேண்டில்பார் வரை அமுங்குகிறது என்று குழு வாட்ஸப்பில் போட்டேன். மெக்கானிக் “பார்த்தாச்சு” என்றார். மறுநாள் லாச்சுங் லா கணவாய் தாண்டி பாங் நோக்கி இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் விழுந்து காறையெலும்பு முறிந்தது. வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. வழிகாட்டி எல்லார் முன்பும் திட்டினார், கூட வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு லே போய்ப் படம் போட்டார்கள். பெங்களூரு வந்து ஆபரேஷன், 2,40,000 ரூபாய். அதில் இன்சூரன்ஸ் 1,80,000 கொடுத்தது. நிறுவனம் இப்போது 1 லட்சம் தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக்கொடு என்கிறது. கிளம்பும் முன்பே ‘எந்த விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 25 லட்சம் கேட்டு கேஸ் போடலாமா? மருத்துவமனைக் காகிதங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: வழிகாட்டி திட்டியதும் நண்பர்கள் படம் போட்டதும் மனுவில் ஒரு வரிகூட வர வேண்டாம். உங்களுக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் அதற்கு மதிப்பில்லை. வண்டி தாமதமும் நீங்கள் நினைக்கிற அளவு பெரிய ஆயுதம் கிடையாது. அந்த இரண்டு மணி நேரத்தால் எலும்பு கூடுதலாகக் கெட்டது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, அதனால் வலியோடு ரோட்டோரம் கிடந்ததற்காக ஏதோ ஒரு சிறு தொகை, அவ்வளவுதான்.

கேஸ் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. சைக்கிள் அவர்களுடையது. பிரேக் சரியில்லை என்று முந்தின மாலையே எழுத்தில் சொல்லியிருக்கிறீர்கள், பதிலும் எழுத்தில் இருக்கிறது, அதே சைக்கிளை மறுநாள் காலை கையில் கொடுத்து 5,000 மீட்டருக்கு மேலான ஒரு கணவாயிலிருந்து இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கின் பிடி ஹேண்டில்பார் வரை அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், இல்லை எண்ணெய் கசிந்திருக்கலாம், சைக்கிள் மெக்கானிக் யாருக்கும் தெரிகிற அறிகுறி அது. நீங்கள் கையெழுத்திட்ட படிவம் மலையின் ஆபத்துக்குத்தான். கல் உருளும், மூச்சு முட்டும், ரோடு இருக்காது, அதையெல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். காசு வாங்கிக்கொண்டு பழுதான சைக்கிளைக் கொடுப்பது மலையின் ஆபத்து ஆகாது, சேவைக் குறைபாடு. “படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள், 1996லேயே ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையெழுத்திட்ட நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. அந்தப் படிவமே செல்லாது என்று அறிவிக்கவும் கேட்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதம் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது, மாவட்ட ஆணையத்தில் அதைக் கேட்டால் எதிர்த்தரப்பு அதை வைத்தே சில வாய்தாக்களைத் தின்றுவிடும்.

பெங்களூரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதும், கேட்கும் தொகையை அல்ல, கட்டிய 62,000 ரூபாயைப் பார்த்துத்தான் எந்த ஆணையம் (உங்களுக்கு மாவட்ட ஆணையம்) என்பது முடிவாகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனிமேல் சொல்வதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் இணைத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருக்கிறது, நீங்களே பார்த்தீர்களா என்று தெரியவில்லை: “சைக்கிளிலிருந்து தானாகச் சறுக்கி விழுந்தார்.” இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தில், உங்கள் கையெழுத்துக்கு மேலே, “ஜல்லியில் வழுக்கி விழுந்தேன்” என்று இருக்கிறது. பிரேக் என்ற சொல்லே எங்கும் இல்லை. எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அட்மிஷன் மேசையில் வலியோடு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிறார்கள், கூட வந்தவர் சுருக்கமாக ஏதோ சொல்கிறார், இன்சூரன்ஸ் சிக்கலில்லாமல் வரட்டும் என்று யாரோ யோசனை சொல்கிறார்கள், நாமும் ஒப்புக்கொள்கிறோம். என்னிடம் விபத்துக் கேஸோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இதுதான். அன்று பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. ஆனால் மாதங்கள் கழித்து வக்கீல் எழுதிய மனுவையும் விபத்து நடந்த வாரமே மருத்துவமனை எழுதிய வரியையும் பக்கத்தில் வைத்தால் ஆணையம் எதை நம்பும்? எதிர்த்தரப்பு வக்கீல் வேறெதுவும் பேச வேண்டாம், அந்த ஒரு பக்கத்தை நீட்டினால் போதும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. நுகர்வோர் ஆணையம் சுருக்க விசாரணை நடத்தும் இடம். கடுமையான தகராறில் இருக்கும் உண்மைகளை அங்கே தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023ல் திரும்பவும் சொல்லியிருக்கிறது. பிரேக்கா, ஜல்லியா என்பது சாட்சி விசாரித்து, நிபுணரைக் கூப்பிட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நிறுவனத் தரப்பு கிளப்பினால் “சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்” என்று அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. சைக்கிளோ அவர்கள் கையில், இத்தனை நாளில் பிரேக்கை மாற்றியே இருப்பார்கள்.

அதனால் இப்போது உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்த வாட்ஸப் உரையாடல் மட்டும்தான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், குழுவை விட்டு வெளியேறாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழோடு தாக்கல் செய்ய அந்தப் போன் வேண்டும். சைக்கிள் ஓட்டிய வழியையும் வேகத்தையும் பதியும் ஸ்ட்ராவா ஆப்பில் பதிவு இருந்தால் அதையும் தொடாதீர்கள். இறக்கத்தில் வேகமாகப் போயிருந்தால் உங்கள் பங்குத் தவறு என்று தொகை குறையலாம், ஆனால் அழித்தீர்கள் என்று தெரிந்தால் மிச்சக் கதையையும் நம்ப மாட்டார்கள். விழுந்த அன்று இரவு மெக்கானிக்குக்கோ வழிகாட்டிக்கோ “பரவாயில்லை, என் தப்புதான்” என்கிற மாதிரி எதுவும் அனுப்பினீர்களா? நம்மில் நிறையப் பேர் மரியாதைக்காக அப்படி அனுப்புவோம். தேடிப் பாருங்கள், இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கொடுத்த 1,80,000 ரூபாயையும் மறைக்காமல் மனுவில் எழுத வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நான் சமரசம்தான் சொல்வேன். 25 லட்சத்தை மறந்துவிடுங்கள். உங்கள் கையிலிருந்து போனது 60,000, பயணக் கட்டணம், லீவில் போன சம்பளம், அதோடு வலிக்கு ஒரு தொகை. கேஸை முடிக்கச் சட்டத்தில் 3 மாதம் என்று இருந்தாலும் நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கும். ஜெயித்தாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகலாம். 1 லட்சம் குறைவு, ஆனால் நகைக்க வேண்டிய தொகையும் இல்லை. 2 லட்சம் கேளுங்கள், ஒன்றரைக்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கையெழுத்து விஷயத்தில் உஷார். “முழு மற்றும் இறுதித் தீர்வு” என்று எழுதிக்கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. மோசடி, மிரட்டல் என்று நிரூபித்தால் அதைத் தாண்டி வரலாம் என்று 1999லிருந்தே தீர்ப்பு இருக்கிறது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் யோசித்துக் கையெழுத்திட்ட ஒரு இன்ஜினியருக்கு அது உதவாது. மெயிலில் “சரி, ஓகே” என்று பதில் போடுவதும் கிட்டத்தட்ட அதே ஆபத்துதான். அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்றால் வேண்டாம். தொகை, தேதி, வங்கிக் கணக்கு மூன்றும் எழுத்தில் வரட்டும், பணம் ஏறிய பிறகே அந்தக் காகிதம் அவர்கள் கைக்குப் போக வேண்டும். விழுந்தது உங்கள் தவறால் என்று ஒரு வரி நுழைத்திருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக மனு போடுவதற்கான 2 வருடக் கெடு நிற்காது, விபத்து நாளிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மாதத்தில் ஒழுங்கான பதில் வராவிட்டால் காகிதங்களோடு வாருங்கள், மனு போட்டுவிடலாம். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை அவர்கள் எடுத்துக் காட்டும்வரை காத்திருக்காமல் நாமே முதலில் தாக்கல் செய்து, அந்த வரி எப்படி வந்தது என்று உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம்.