42 சதவீதத் தள்ளுபடியில் 34 அங்குல மானிட்டர்: வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பணி செய்கிறேன். ஒரு லேப்டாப்பும் அதனுடன் இணைத்த 24 அங்குல மானிட்டரும் (1920 × 1080 பிக்சல்) இருக்கின்றன. மூல ஆவணம் இடப்பக்கம், மொழிபெயர்ப்பு வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டால் அகராதியைத் திறக்க இடமிருப்பதில்லை. நாள் முழுவதும் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்தே களைத்துப்போகிறேன். இப்போது 34 அங்குல அல்ட்ராவைடு, அதாவது மிக அகலமான, மானிட்டர் ஒன்று (2560 × 1080, வளைந்த திரை) 42 சதவீதத் தள்ளுபடியில் வந்திருக்கிறது. சலுகை இன்னும் இரண்டு நாள்தான். அதன் பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் இப்போதைய விலை 58. விலை வரலாற்றைக் காட்டும் தளத்தில் பார்த்தேன். சில மாதங்களாகப் பெரும்பாலும் 70க்கு விற்றிருக்கிறது, ஒருமுறை 60க்கும் வந்திருக்கிறது. 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டு, அதற்குச் செயலாக்கக் கட்டணம் 1. மொத்தமாகச் செலுத்தினால் 58லிருந்து 5 சதவீதம் கழிவு. என்னிடம் உள்ளதைப் போன்ற இன்னொரு 24 அங்குல மானிட்டர் இதே கணக்கில் 25 ஆகிறது. கடன் அட்டையில் ஏறத்தாழ இந்த மானிட்டரின் விலை அளவுக்குப் பழைய பாக்கி நிற்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம். தொழிலுக்கான கருவி என்பதால் இதை முதலீடாகக் கருதி வாங்கிவிடலாமா?

பதில்: இந்த மானிட்டரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. விலை அதிகம் என்பதற்காக அல்ல. இதைவிடக் குறைந்த செலவில் உங்கள் குறை இதைவிட நன்றாகத் தீரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 42ஐப் பார்ப்போம். 100 என்ற விலைக்கு அந்த மானிட்டரை அண்மையில் யாரும் வாங்கியதாக நீங்கள் பார்த்த வரலாற்றில் இல்லை. வழக்கமாக விற்கும் 70லிருந்து கணக்கிட்டால் 58 என்பது 17 சதவீதக் குறைவு. முன்பு ஒருமுறை வந்த 60லிருந்து கணக்கிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் வெறும் 2. இரண்டு நாளில் சலுகை முடிந்துவிடும் என்ற பதற்றத்தின் உண்மையான விலை அந்த 2தான், ஏனெனில் ஒருமுறை 60க்கு இறங்கிய பொருள் மீண்டும் அந்த அளவுக்கு இறங்காது என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. பொருளியலில் 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இருவகை நிறைவு கிடைக்கிறது என்று 1985இல் எழுதினார்: பொருளின் பயனால் வருவது ஒன்று, மலிவாக வாங்கிவிட்டோம் என்ற எண்ணத்தால் வருவது மற்றொன்று. இரண்டாவது நிறைவு பணம் செலுத்திய சில நாள்களிலேயே கரைந்துவிடும். முதலாவதுதான் ஐந்தாறு ஆண்டுகள் மேசைமேல் உங்கள் கண்ணெதிரே நிற்கப்போகிறது. ஆகவே கணக்கை அங்கிருந்து தொடங்குவதே முறை.

அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலமான திரையையும் வழக்கமான திரையையும் இந்த ஒரே அளவைக் கொண்டு ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுபோகும். உங்கள் 24 அங்குலத் திரையைவிட அந்த 34 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 68 சதவீதம் அதிகம். ஆனால் எழுத்தையும் படத்தையும் காட்டும் நுண்புள்ளிகளான பிக்சல்களின் எண்ணிக்கையோ 33 சதவீதம்தான் அதிகம். அதாவது 20.7 லட்சம் பிக்சல்கள் இருந்த இடத்தில் 27.6 லட்சம் பிக்சல்கள் வருகின்றன, அவையும் முன்னைவிடப் பெரிய பரப்பில் பரவி நிற்கின்றன. உங்கள் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு 92 பிக்சல்கள் இருக்கின்றன என்றால் புதியதில் 82தான் இருக்கும்; நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்குவது முன்னைவிடச் சொரசொரப்பான எழுத்தை. மற்ற மொழிகளில் வேலை செய்பவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் சிறிய எழுத்தில் மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் பிரித்தறிந்து நாள்தோறும் மெய்ப்புப் பார்க்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இது கண்ணை உறுத்தும் விஷயம். திரையைச் சற்றுத் தள்ளி வைத்தால் சொரசொரப்பு மறையும் என்பது உண்மைதான்; அப்போது எழுத்து சிறிதாகத் தெரியும், அதைப் பெரிதாக்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இடம் மீண்டும் சுருங்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இரண்டு திரைகளின் உயரமும் பிக்சல் கணக்கில் ஒன்றேதான்: 1080. ஏ4 பக்கம் ஒன்றை 100 சதவீத அளவில் திறந்தால் அது பெரும்பாலும் 794 பிக்சல் அகலமும் 1123 பிக்சல் உயரமும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இப்போது ஒரு முழுப் பக்கத்தைக் காண நீங்கள் எப்படி மேலும் கீழும் உருட்டுகிறீர்களோ, அப்படியேதான் புதிய மானிட்டரிலும் உருட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு வரிகூட அதிகமாகத் தெரியாது. அகலத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கிறது. 2560ஐ மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 853 பிக்சல்கள் கிடைப்பதால் மூலம், மொழிபெயர்ப்பு, அகராதி மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டாவது அருகருகே நிற்கும். அந்த மானிட்டரின் பலன் இவ்வளவுதான் என்றாலும், உங்கள் குறையை அது ஓரளவு தீர்க்கவே செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

இனி, நீங்களே கடிதத்தின் போக்கில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோன அந்த 25க்கு வருகிறேன். ஏற்கெனவே இருக்கும் மானிட்டருக்கு அருகில் அதே போன்ற இன்னொன்றை வைத்தால் மொத்தம் 41.5 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். அகலம் 2560க்குப் பதிலாக 3840 ஆகும். எழுத்தின் கூர்மை இப்போது இருப்பதைவிடக் குறையாது. செலவோ பாதிக்கும் குறைவு. நடுவில் இரண்டு சட்டங்கள் சந்திக்கும் கோடு தெரியும் என்பது இதில் உள்ள குறை. வீடியோ தொகுப்பவருக்கு அது பெருங்குறை, தனித்தனிச் சாளரங்களில் வேலை செய்யும் உங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். மேசை சிறியது என்றால் இரண்டாவது மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். அப்போது அது 30 சென்டிமீட்டர் அகலத்தையே எடுத்துக்கொள்ளும். கிடையாக இருக்கும் 53 சென்டிமீட்டரோடு சேர்த்தாலும் அந்த 34 அங்குலத் திரை பிடிக்கும் 80 சென்டிமீட்டரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். செங்குத்தான திரையின் உயரம் 1920 பிக்சல்கள் என்பதால் முழு ஏ4 பக்கமும் அதற்குக் கீழே அடுத்த பக்கத்தின் பாதியும் உருட்டாமலே தெரியும். மொழிபெயர்ப்பாளர்களும் வழக்கறிஞர்களும் நிரலாளர்களும் திரையைச் செங்குத்தாக வைத்துக்கொள்வது இதற்காகத்தான். எல்லா மானிட்டர்களின் தாங்கியும் இப்படித் திரும்புவதில்லை. வாங்கும்போது அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், உங்கள் லேப்டாப்பில் இரண்டாவது திரையை இணைக்க வாயில் இருக்கிறதா என்பதையும்.

அல்ட்ராவைடு வகையே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே 34 அங்குலத்தில் 3440 × 1440 என்ற அளவில் வருபவை வேறு தரம்: அங்குலத்துக்கு 110 பிக்சல்கள், ஒரு முழு ஏ4 பக்கத்துக்கும் போதுமான உயரம், மூன்று சாளரங்களுக்கும் தாராளமான இடம். நீண்ட காலக்கோட்டில் ஒலியும் ஒளியும் கோப்பவர்களுக்கும், பல பத்தி அட்டவணைகளோடு மல்லுக்கட்டும் கணக்காளர்களுக்கும் நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பழைய லேப்டாப்புகள் பலவற்றின் எச்டிஎம்ஐ வாயில் (திரையை இணைக்கும் இடம்) அந்த அளவுக்கு 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம், தராமல் 30இலோ 50இலோ நின்றுவிடுவதுண்டு. பிறகு வேறு கேபிள், மாற்றி, மேசைக்கு ஏற்ற தாங்கி என்று ஒவ்வொன்றாக வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற அளவுக்குப் போகாது என்றாலும், தள்ளுபடியில் மிச்சமானது அதில் கரைந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் தள்ளுபடி முடியும் இரவில் வளைந்த திரை ஒன்றை வாங்கி, அதன் கால் என் மேசையின் ஆழத்துக்குள் அடங்காததால் சுவரில் துளையிட ஆள் அழைத்தவன் நான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

முதலீடா என்று கேட்டீர்கள். வருமானம் ஈட்ட உதவும் கருவிக்குச் செய்யும் செலவு நியாயமான தொழில் செலவுதான். ஆனால் முதலீடு என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அதற்குரிய கேள்வியையும் கேட்டாக வேண்டும். சாளரம் மாற்றும் வேலை குறைவதால் நாளுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், 250 வேலை நாள்களில் அது ஏறத்தாழ 42 மணி நேரம். இது சிறிய பலன் அல்ல. ஆனால் 25க்கு வரும் இரண்டாவது மானிட்டரும் அதே பத்து நிமிடத்தைத் தரும். ஆகவே 34 அங்குலத் திரைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 33க்கு ஈடாக என்ன வருகிறது என்பதே கேள்வி, உங்கள் வேலையைப் பொறுத்தவரை அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

வட்டியில்லாத் தவணை என்பதும் பெயரளவில்தான். மொத்தமாகச் செலுத்தினால் 55 ஆகும் பொருளுக்குத் தவணையில் கட்டணத்தோடு சேர்த்து 59 கொடுக்கிறீர்கள். 4 தானே என்று தோன்றும். ஆனால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் அந்த 4 என்பது ஆண்டுக்கு 13 சதவீத வட்டிக்குச் சமம். அப்படியானால் மொத்தமாகச் செலுத்திவிடுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடன் அட்டையில் 55 பாக்கியை ஓராண்டு அப்படியே விட்டால் அது 78 ஆகும். கையில் இருக்கும் 55ஐ அந்தப் பாக்கிக்குக் கட்டினால் 23 மிச்சம், ஏறக்குறைய இரண்டாவது மானிட்டரின் விலை. 42 சதவீதத்தை உறுதியாகத் தரும் வேறு வழி எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. யாராவது இருப்பதாகச் சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

எனவே பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள். அதுவரை லேப்டாப்பின் திரையை மூடி வைக்காமல் மானிட்டருக்குப் பக்கத்தில் திறந்து வைத்து, அகராதியை அதில் போட்டுப் பாருங்கள். அதுவே போதும் என்று தெரிந்தால் 25கூடச் செலவாகாது. போதவில்லை என்றால் இரண்டாவது மானிட்டரை வாங்கி, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் பக்கங்களைத் திரையில் விரித்து எரியாத புள்ளி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்தளவில் ‘ண’வும் ‘ன’வும் மாறி மாறி வரும் ஒரு பத்தியைத் திறந்து, நாற்காலியில் சாய்ந்தபடி வாசியுங்கள். சுழிகளை எண்ண நீங்கள் முன்னால் குனிய வேண்டியிருந்தால், அதைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.