மாதம் 30,000 பார்வைகளுக்கு விளம்பரத்தில் எவ்வளவு கிடைக்கும்?

என் தளத்துக்கு மாதம் 30,000 பக்கப் பார்வைகள் வருகின்றன, எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வை எண்ணிக்கை பாதிக் கணக்குதான். மீதி, ஆர்பிஎம்: 1,000 பக்கப் பார்வைக்கு உங்கள் கைக்கு வரும் தொகை. அது 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30 × 2, மாதம் 60 டாலர். அதே கூட்டம், ஆர்பிஎம் 50 சென்ட் என்றால் வெறும் 15 டாலர்.

சரி, இந்த 2 எங்கிருந்து வருகிறது? படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எதைத் தேடி வந்தார் என்பதிலிருந்து. வீட்டுக்கடன் பற்றிப் படிப்பவருக்காக வங்கிகள் விளம்பர ஏலத்தில் முட்டி மோதும். கவிதை படிக்க வந்தவருக்காக யார் மோதுவார்? (எனக்கும் வருத்தம்தான்.) டிசம்பரில் ஏறிய தொகை ஜனவரியில் சரிவதும் வழக்கம்.

முகவரியைப் போட்டதும் வருமானம் சொல்லும் கருவிகளை நம்பாதீர்கள். உங்கள் பார்வைக் கணக்கே அவற்றுக்குத் தெரியாது, ஊகம்தான். அப்புறம், வருகையாளர் வேறு, பக்கப் பார்வை வேறு. ஒருவரே மூன்று பக்கம் புரட்டினால் பார்வை மூன்று. ஒரு மாதம் விளம்பரம் போட்டுப் பாருங்கள். வந்த தொகையைப் பார்வைகளால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் உங்கள் சொந்த ஆர்பிஎம் கிடைத்துவிடும்.