ஜப்பானிய மொழி: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: ஏ.எல். முடித்துவிட்டு, முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகும் எண்ணத்தில் கொழும்பில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது. சிங்களம் கதைப்பேன், ஆனால் இலக்கண விளக்கம் வந்தால் பிந்திவிடுகிறேன். வகுப்பில் ‘மின்னா நோ நிஹொங்கோ’ போட்டோக்கொப்பி தந்திருக்கிறார்கள். அண்ணா ‘கென்கி’ வாங்கச் சொல்கிறார். போனில் ஆப் போதும் என்கிறாள் தோழி. எதை வாங்கட்டும்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். எந்தப் பரீட்சை எழுதப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் ‘குறித்த திறன்’ (எஸ்எஸ்டபிள்யூ) என்ற வேலை விசாவில் போவதாக இருந்தால், ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சைகள் இரண்டில் ஒன்றில் சித்தியடைந்தால் போதும். (ஜேஎல்பிடியில் என்5 ஆக இலகுவான நிலை, என்4 அதற்கு அடுத்தது.) ஜேஎல்பிடி நடப்பது யூலையிலும் டிசம்பரிலும் மட்டும்தான். ஜேஎஃப்டி கணினியில் எழுதும் 60 நிமிடப் பரீட்சை. 250க்கு 200 எடுக்க வேண்டும். வருடத்தில் பல தடவை வரும். பராமரிப்புத் துறைக்கு இவற்றைவிட இன்னும் இரண்டு உண்டு: தொழில் திறன் பரீட்சை ஒன்று, பராமரிப்பு வேலைக்கான ஜப்பானிய மொழிப் பரீட்சை ஒன்று. முகவர்கள் சிலர் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

ஜேஎஃப்டியை நடத்தும் ஜப்பான் ஃபவுண்டேஷனே ‘இரோதோரி’ என்ற பாடநூல் வரிசையையும் வெளியிட்டிருக்கிறது. ஜப்பானில் போய் வாழ்ந்து வேலை செய்யப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. மூன்று புத்தகங்கள், பிடிஎஃப்பும் ஒலிப்பதிவும் அவர்களுடைய தளத்திலேயே இலவசம். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இதைத்தான் முதுகெலும்பாக வைத்துக்கொள்வேன்.

அதற்காக மின்னாவைத் தூக்கிப்போட வேண்டாம், வகுப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மின்னாவின் மூலப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். சொற்களின் பொருளும் இலக்கண விளக்கமும் வேறொரு புத்தகம். உங்கள் கையில் இருப்பது மூலத்தின் கொப்பி மட்டும் என்றால், பாதிதான் வந்திருக்கிறது. நீங்கள் பிந்துவதற்குச் சிங்களத்தைவிட இதுவே காரணமாக இருக்கலாம். விளக்க நூலையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு பாகத்திலும் சேர்த்து 50 பாடங்கள். முதல் 25 ஏறக்குறைய என்5, மீதியும் முடிந்தால் என்4.

கென்கி நல்ல புத்தகம்தான். ஆனால் பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதியது. விளக்கமெல்லாம் நீண்ட ஆங்கிலம். அண்ணாவுக்குச் சரிவரும். நீங்கள் ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றி வர என்ன தேவை? ‘தபெதெ மிரு’ என்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பந்தி வேண்டும். தமிழில் அது ‘சாப்பிட்டுப் பார்’. ‘ஷிதெ ஒகு’ என்றால் ‘செய்து வை’. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழகியவை. (இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார், மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உங்கள் பரீட்சைக்கு ஒற்றுமை மட்டும் போதும்.) புதிய வாக்கிய அமைப்பு வரும்போதெல்லாம் கொப்பியில் பக்கத்தில் தமிழ் வாக்கியம் ஒன்று எழுதி வையுங்கள்.

ஆனால் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்க வேண்டாம். மேலே நான் எழுதியது விளக்கத்துக்கு மட்டும். மீனுக்கான சொல்லை ‘சகன’ என்று எழுதினால் நடுவில் உள்ள ககரத்தை நம் வாய் தானாக மெலிவாக்கிவிடும். அங்கே அது ‘கல்’ என்பதில் வரும் வல்லொலி. சிப்பிக்கும் திறப்புக்கும் உள்ள சொற்கள் தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘ககி’ ஆகிவிடும். குறில் நெடிலில் மட்டும் நமக்குச் சிரமமில்லை: ஒபசான் அன்ரி, ஒபாசான் அம்மம்மா. ஆகவே ஜப்பானிய எழுத்து வரிசைகளான ஹிரகானாவையும் கதகானாவையும் முதலில் முடியுங்கள். சதுரக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் ஒலிப்பதிவோடு சொல்லிப் பாருங்கள். ஆப் இந்தக் கட்டத்துக்கு நல்லது, பிறகு சொற்களை மீட்டிப் பார்க்கவும் உதவும். அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

மாதிரி வினாத்தாளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு பரீட்சைகளின் மாதிரி வினாக்களும் அவற்றின் உத்தியோகபூர்வத் தளங்களில் கிடைக்கின்றன. டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் மின்னா கண்ணில் பட்டால், வாங்குமுன் பதிப்பைப் பாருங்கள். 1998இல் வந்த முதற்பதிப்பை 2012இல் திருத்தினார்கள். வகுப்பில் இரண்டாம் பதிப்பு ஓடினால், பழையது மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.