ஒரே தூசி: பாலைவன ஹரிக்கேன் டயோரமா பற்றி

அன்புள்ள ஐயா,

அல்சூரிலிருந்து எழுதுகிறேன். எகிப்தில் நடந்த 1942 எல் அலமெய்ன் போர்க் காலத்தை வைத்து ஒரு டயோரமா (சிறிய மாதிரிக் காட்சி) செய்யலாமென்று 1/72 அளவில் ஹாக்கர் ஹரிக்கேன் மார்க் 2சி போர் விமான மாதிரி கிட்டைக் கட்டி முடித்தேன். ஊருக்குப் போனபோது எடுத்துவந்த மெரினா மணலை ஃபெவிகாலில் தூவித் தரை அமைத்தேன். விமானம் பழசாகத் தெரிய, ஸ்பாஞ்சில் வெள்ளிப் பெயின்ட் தொட்டு உடல் முழுக்க ஒற்றினேன். இப்போது பார்த்தால் கடற்கரையில் வைத்த பொம்மை போல இருக்கிறது. டீகால்களின் (ஒட்டும் அடையாளப் படங்களின்) அடியில் வெள்ளை மினுமினுப்பு வேறு. எங்கே தவறு? பக்கத்தில் இந்தியச் சிப்பாய்களை நிறுத்தலாமா?

கதிர், பெங்களூரு

அன்புள்ள கதிர்,

மணலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பொம்மைத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. கடற்கரை மணலின் ஒரு பருக்கை அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72ஆல் பெருக்கினால் 36 மி.மீ. உங்கள் ஹரிக்கேன் நிற்பது மணலில் அல்ல, கருங்கல் ஜல்லியில். இந்த அளவில் உண்மையான மணலைக் காட்ட மணலைப் பயன்படுத்தவே முடியாது. கண்ணுக்குப் பருக்கை தெரியாத தூள் மட்டுமே மணலாகத் தெரியும்.

இன்னொன்று, எகிப்து, லிபியக் கடலோரத்தில் போர் நடந்த பகுதி பெரும்பாலும் மணல்மேடுகள் அல்ல. வெளிறிய சுண்ணாம்புக்கல் தரை, அதன்மேல் தூசி, சிதறிய சிறுகல், அங்கங்கே முட்புதர். விமானங்கள் இறங்கியது அந்தக் கெட்டித் தரையைச் சமப்படுத்திய திடல்களில். நிறம் மஞ்சள் அல்ல. சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. நம் ஊர்ச் செம்மண்ணை எவ்வளவு சலித்தாலும் அது பெங்களூராகத்தான் தெரியும், தொடாதீர்கள்.

பழைய தரையைச் சுரண்ட வேண்டாம், புதிதாகச் செய்யுங்கள். ஹரிக்கேனின் இறக்கை அகலம் 12.19 மீட்டர், உங்கள் அளவில் 169 மி.மீ. ஆகவே 22 செ.மீ. சதுரத்தில் 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகை போதும். முதலில் இரு பக்கமும் விளிம்பும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும், பிறகு விமானத்தின் மூன்று சக்கரங்களும் ஒருசேரத் தரையைத் தொடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிமென்ட் வகை டைல் க்ரவுட் நான்கு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தோசை மாவுப் பதத்துக்குத் தண்ணீர். தூள் கிளம்பும், மாஸ்க் போட்டுக்கொண்டு கலக்குங்கள். அதிலேயே வெளிர் பழுப்பு அக்ரிலிக்கும் துளி சாம்பலும் சேர்த்துவிட்டால் எங்காவது பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது. 2 அல்லது 3 மி.மீ. கனத்துக்கு மேல் போனால் வெடிக்கும். பாதி இறுகும்போது கிட்டில் மிஞ்சிய சக்கரத்தை உருட்டித் தடம் எடுங்கள். காய்வதற்குள் உலர்ந்த க்ரவுட் தூளை நைலான் காலுறை வழியாக மேலே தட்டுங்கள், அதுதான் உங்கள் மணல். சிறுகல்லுக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, விழுவதில் ஒரு சிட்டிகை மட்டும் தூவி, தரையின் நிறத்தையே அடியுங்கள். கருங்கல் உடைத்த தூளானதால் அப்படியே விட்டால் கறுப்புப் புள்ளிகள் உறுத்தும். முட்புதருக்கு வெட்டிவேரை விட நல்ல பொருள் கிடையாது. சிறு கொத்தாக நறுக்கி 5 முதல் 8 மி.மீ. உயரத்தில் நட்டு, மங்கிய சாம்பல் பச்சை பூசினால் போதும்.

அடுத்து அந்த வெள்ளிப் புள்ளிகள். ஹரிக்கேன் முழு உலோக விமானம் அல்ல. காக்பிட்டுக்குப் பின்னால் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சலாகைகள், அவற்றின்மேல் துணி. வால் பகுதியும், சுக்கான், எலிவேட்டர், எய்லரான் என்ற அசையும் கட்டுப்பாட்டுப் பலகைகள் எல்லாமும் துணி போர்த்தியவை. துணியில் பெயின்ட் உரிந்தால் அலுமினியம் எப்படித் தெரியும்? விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். ரோட்டால் நிறுவன ப்ரொப்பெல்லர் என்றால் அதன் அலகுகளும் பெரும்பாலும் அழுத்திய மரம்தான், அங்கும் வெள்ளி கூடாது.

வெள்ளி வரக்கூடிய இடங்கள் சொற்பம்: என்ஜின் மூடிகளின் திருகு ஓரங்கள், இறக்கைகளின் முன்விளிம்பு, பீரங்கிப் பெட்டி மூடிகள், இடது இறக்கையின் அடிப்பகுதி. விமானி ஏறுவது இடப்பக்கமாக என்பதால் தேய்மானம் அங்கே அதிகம். வலப்பக்கத்திலும் அதே அளவு ஒற்றிவிட்டால் காரணம் இல்லாமல் போகிறது. ஸ்பாஞ்சைக் காகிதத்தில் ஒற்றி ஏறக்குறைய உலர்த்திய பிறகே விமானத்தைத் தொடுங்கள். அரை மி.மீ. புள்ளிகூட நிஜ அளவில் பாதி உள்ளங்கை அகலக் காயம்.

துணிப் பகுதியில் ஏற்கெனவே ஒற்றியதை மறைக்க, அந்த இடத்தில் மட்டும் மேல்நிறத்தை மெல்லியதாக ஏர்பிரஷ் செய்யுங்கள். சற்றே அடர்த்தியாகத் தெரிந்தால் நல்லதுதான், கிழிசலை ஒட்டிப் புதிதாகப் பூசிய துணி அப்படித்தான் இருக்கும். ஹம்ப்ரால் பெயின்ட் எண்களில் சொன்னால் மேலே 29 டார்க் எர்த், 225 மிடில் ஸ்டோன், கீழே 157 அஸூர் ப்ளூ. இரண்டு மேல்நிறங்களிலும் பத்தில் ஒரு பங்கு வெளிர் பழுப்பு கலந்தால் வெயிலில் வெளுத்த தோற்றம் வரும். கீழ்ப்பகுதியில் கலக்காதீர்கள், வெயில் அங்கே விழுவதில்லை. நிறங்கள் சந்திக்கும் ஓரத்தைப் புகைமாதிரி அகலமாக விடவும் கூடாது. நிஜத்தில் 5 செ.மீ. மங்கல் இருந்தாலும் உங்களுக்கு அது 0.7 மி.மீ. தான்.

டீகால் மினுமினுப்புக்குக் காரணம் மேட் (பளபளப்பற்ற) பெயின்ட். அதன் மேற்பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பானது. டீகாலுக்கு அடியில் சிக்கும் காற்றுதான் வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்த முறை அக்ரிலிக் க்ளாஸ் (பளபளப்பு வார்னிஷ்) அடித்து, ஒரு நாள் காயவிட்டு ஒட்டுங்கள். இப்போதைக்கு மெல்லிய ஊசியால் மினுக்கும் இடங்களில் குத்தி, டீகாலை இளக்கும் சாஃப்ட்னர் திரவத்தை வைத்து, காய்ந்ததும் திரும்ப வையுங்கள். மூன்று முறையில் பெரும்பாலும் அடங்கும். சாஃப்ட்னர் ஈரத்தில் டீகால் சுருங்கினால் விரல் வைக்காதீர்கள், தானாகப் படியும்.

பிறகு பேனல் கோடுகளுக்கு (உலோகத் தகடுகள் சேரும் கோடுகளுக்கு) வாஷ், அதாவது நீர்த்த பெயின்டை ஓடவிடுவது. கறுப்பு வேண்டாம், மணல்நிறத்தின் மேல் கறுப்புக் கோடு போட்டால் கட்டம் போட்ட நோட்டுப்புத்தகம் ஆகிவிடும். பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்டை வாசனையற்ற டர்பென்டைனில் கரைத்து ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து, காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலுக்குத் துடையுங்கள். துணிப் பகுதியில் பேனல் கோடே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கடைசியாக மேட் வார்னிஷ். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை நாளில் லாக்கர் வகை வார்னிஷ் அடித்தால் வெண்படலம் விழும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். வெயில் வந்த மதியத்தில், கம்ப்ரஸரில் ஈரப்பொறி மாட்டி, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடியுங்கள்.

தூசி அதற்கும் பிறகு, ஏனென்றால் பிக்மென்ட் (நிறத்தூள்) வார்னிஷுக்கு அடியில் காணாமல் போகும். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்: விமானத்தில் படியும் தூசியும் தரையில் கிடக்கும் தூசியும் ஒரே டப்பாவிலிருந்து வர வேண்டும். தரையில் தூவிய அதே க்ரவுட் தூளோடு வெளிர் பழுப்பு சாக் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். டயர், சக்கரக் குழி, இறக்கை ஃப்ளாப்பின் அடிப்பக்கம், வயிறு, வால்சக்கரம். ப்ரொப்பெல்லர் கிளப்பும் தூசி பின்னோக்கி இந்த இடங்களைத்தான் அடிக்கும். இதற்காகத்தானே மூக்கின் கீழே புடைத்த வோக்ஸ் காற்று வடிகட்டியை மாட்டினார்கள். தூசி எஞ்சினுக்குள் போனால் சிலிண்டர் தேய்ந்துவிடும். பாலைவன விமானத்தில் அந்தப் புடைப்பு இருந்தே தீர வேண்டும், உங்கள் கிட்டில் விட்டிருந்தால் இப்போதாவது ஒட்டுங்கள்.

டயரின் அடியை அரை மி.மீ. தேய்த்துத் தட்டையாக்கி, 0.5 மி.மீ. கம்பியைச் செருகித் தரையில் ஊன்றுங்கள். விமானத்தைப் பலகை விளிம்புக்கு இணையாக வைக்காமல் சற்றுத் திருப்பி வையுங்கள்.

சிப்பாய்கள் விஷயம். 4வது இந்திய டிவிஷன் 1940 முதல் அந்தப் பாலைவனத்தில் போரிட்டது, உங்கள் அல்சூர் ஏரிப் பக்கமே மையம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்களும் (இராணுவப் பொறியியல் படையினர்) வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். ஆகவே ஓரமாக நின்ற ஒரு லாரியும் இரண்டு சாப்பர்களும் முற்றிலும் பொருந்தும். ஆனால் எஞ்சினைத் திறந்து வேலை செய்கிறவர்களாக அவர்களைக் காட்ட வேண்டாம், அது ராயல் ஏர் ஃபோர்ஸின் தரைப்பணியாளர் வேலை. விமானத்துக்கு இந்திய விமானப்படை அடையாளமும் வேண்டாம். நம் ஹரிக்கேன்கள் போரிட்டது பர்மா முனையில். 1/72இல் ஓர் ஆள் 24 மி.மீ. இருப்பார். வாங்கும்போது அளந்து பாருங்கள், பெட்டியில் 1/72 என்று எழுதி 22 மி.மீ. ஆட்களை வைத்திருப்பதும் உண்டு, விமானத்தின் பக்கத்தில் நிறுத்தினால் சிறுவர்களாகத் தெரிவார்கள்.

அன்புடன்.